ஆராயப் போனவரை ஊர் ஆராய்ந்த கதை

முனைவர் பட்ட ஆய்வேடு எதைப் புரட்டினாலும் 'ஆய்வு முறையியல்' என்றொரு அத்தியாயம் இருக்கும். "தரவுகள் நேர்காணல் வாயிலாகவும் பங்கேற்று நோக்கல் வாயிலாகவும் திரட்டப்பட்டன" என்று இஸ்திரி போட்ட ஒரு வாக்கியத்தில் கதையை முடித்துவிடுவார்கள். எத்தனை தெருநாய் துரத்தியது, எத்தனை வீட்டில் "எல்.ஐ.சி.யா தம்பி?" என்று கேட்டுக் கதவைச் சாத்தினார்கள், எந்தத் தாத்தா மூன்று மணி நேரம் பேசிவிட்டுக் கடைசியில் "இதையெல்லாம் எழுதிடாதே" என்றார் என்ற உண்மைத் தரவு எதுவும் அதில் இருக்காது.

பண்புசார் ஆய்வு என்றால் தலையை எண்ணிக்கொண்டு போகாமல், மனிதர்களோடு உட்கார்ந்து பேசி, அவர்கள் வாழ்வதைப் பார்த்து எழுதிக்கொண்டு வருவது. இந்தத் தொழிலின் பழைய கதைகளைப் படிக்கப் படிக்க எனக்கு ஒன்று தெளிவாகிறது. ஆராய்ச்சியாளர் ஊருக்குள் கால் வைத்த நிமிஷமே ஊர் தன் ஆராய்ச்சியை முடித்துவிடுகிறது. அவர் நோட்டைப் பிரிப்பதற்குள் இவன் யார், எதற்கு வந்திருக்கிறான், இவனிடம் என்ன கறக்கலாம் என்ற மூன்று கேள்விக்கும் ஊரிடம் பதில் தயார். அதற்கப்புறம் அவர் வருஷக்கணக்கில் தங்கி எழுதியதெல்லாம் அந்தப் பதிலுக்கு உட்பட்டதுதான்.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்று ஊருக்கே போகாமல் இருந்தவர் கேம்பிரிட்ஜின் ஜேம்ஸ் ஃப்ரேசர். உலகத்துப் பழங்குடிகளின் சடங்கு, மந்திரம், பலி எல்லாவற்றையும் பற்றி 1890இல் 'பொற்கிளை' என்ற நூலை இரண்டு தொகுதியாக எழுத ஆரம்பித்தார். அது வளர்ந்து வளர்ந்து பன்னிரண்டு தொகுதி ஆனது. தரவு? பாதிரிமாருக்கும் காலனி அதிகாரிகளுக்கும் கேள்வித்தாளைத் தபாலில் அனுப்பினார், பதில் தபாலில் வந்தது. "நீங்கள் எழுதும் அந்த ஆட்களில் ஒருவரையாவது நேரில் பார்த்ததுண்டா?" என்று யாரோ கேட்டபோது, "ஐயையோ, கடவுள் காப்பாற்றட்டும்" என்ற தொனியில் பதறினார் என்று ஒரு கதை உலவுகிறது. கதை நிஜமோ பொய்யோ, ஆளுக்குப் பொருந்துகிறது.

ஃப்ரேசரின் நாற்காலியை உதைத்துத் தள்ளியவர் என்று பாடப்புத்தகங்கள் கொண்டாடுவது பிரோனிஸ்லாவ் மலினோவ்ஸ்கியை. போலந்துக்காரர், 1884இல் கிராக்கோவில் பிறந்தவர். 1914இல் ஒரு மாநாட்டுக்காக ஆஸ்திரேலியா போயிருந்த நேரத்தில் முதல் உலகப் போர் மூண்டது. ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் குடிமகன் என்பதால் சட்டப்படி எதிரி நாட்டு ஆள். தீவில் சிறை வைத்தார்கள், வேறு வழியில்லாமல் மானிடவியல் கண்டுபிடித்தார் என்று வகுப்பில் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அவர் அனுமதி வாங்கிக்கொண்டு, ஆஸ்திரேலிய அரசின் பணத்தையும் வாங்கிக்கொண்டுதான் நியூகினிப் பக்கம் போனார். இப்படி ஒரு சிறைவாசம் கிடைத்தால் நம் ஆய்வு மாணவர்கள் வரிசையில் நிற்பார்கள்.

டிரோப்ரியண்ட் தீவுகளில் ஒமரக்கானா என்ற கிராமத்தின் நடுவிலேயே கூடாரம் அடித்தார். புரட்சி என்பது அவ்வளவுதான். அதுவரை வெள்ளைக்கார ஆய்வாளர்கள் பாதிரியார் பங்களா வராந்தாவில் உட்கார்ந்து ஆட்களை வரவழைத்து விசாரிப்பார்கள். இவர் வராந்தாவை விட்டு இறங்கினார். தீவுக்குத் தீவு படகில் போய்ச் சிப்பி மாலைகளை ஒரு திசையிலும் சிப்பி வளைகளை எதிர்த் திசையிலும் சுற்றுக்கு விடும் 'கூலா' என்ற பரிமாற்றத்தை அங்கிருந்து பார்த்து எழுதியதுதான் 1922இல் வந்த 'மேற்குப் பசிபிக்கின் ஆர்கோநாட்டுகள்'. முன்னுரை எழுதியது யார் தெரியுமா? ஜேம்ஸ் ஃப்ரேசர்.

அந்த நூலில் மலினோவ்ஸ்கியே ஓர் உண்மையை ஒத்துக்கொள்கிறார். எல்லா இடத்திலும் மூக்கை நுழைக்கும் இந்த ஆளை ஊர் நாளடைவில் தவிர்க்க முடியாத தொல்லை என்று சகித்துக்கொண்டது. அவ்வப்போது அவர் கொடுத்த புகையிலை அந்தத் தொல்லையைக் கொஞ்சம் குறைத்தது. ஆக, ஊரின் ஆய்வறிக்கை: புகையிலை தரும் தொல்லை.

தொல்லை வெளியே போனால் ஊரைப் பார்த்தது, கூடாரத்துக்குள் வந்தால் புலம்பியது. அந்தப் புலம்பலை அவர் போலிஷ் மொழியில் நாட்குறிப்பாக எழுதி வைத்திருந்தார். அவர் 1942இல் இறந்தார். 1967இல் மனைவி அதை அச்சிட்டுவிட்டார். உடம்பு சரியில்லை, ஊசி போட்டுக்கொண்டேன், இந்த ஆட்களைக் கண்டாலே எரிச்சல், இனிமேல் நாவல் படிக்க மாட்டேன் என்று சத்தியம், அடுத்த பக்கத்தில் மறுபடி நாவல். தீவு மக்களைப் பற்றி வெளியில் சொல்ல முடியாத வசவுகளும் உண்டு. பங்கேற்று நோக்கலின் பிதாமகன் பங்கேற்காமல் பாயில் படுத்துக் கதைப்புத்தகம் படித்த நாட்கள் அத்தனையும் தேதியோடு வெளிவந்துவிட்டன. மானிடவியல் துறைகளில் துக்கம் அனுஷ்டித்தார்கள். எனக்கென்னவோ அந்த நாட்குறிப்புதான் நாணயமான களக்குறிப்பு என்று படுகிறது.

அடுத்து பிரிட்டிஷ் மானிடவியலாளர் ஈவான்ஸ்-பிரிட்சர்ட். சூடானில் இரண்டு சமூகங்களிடம் போனார். முதலாவது அசாண்டே. அங்கே எந்தச் சிக்கலுக்கும் கோழிக்கு விஷம் கொடுத்துக் குறி கேட்பார்கள். கோழி பிழைத்தால் ஒரு பதில், செத்தால் வேறு பதில். இவரும் தன் வீட்டில் விஷம் ஸ்டாக் வைத்துக்கொண்டு அன்றாட முடிவுகளைக் கோழியிடமே கேட்டு நடத்தினார். வீட்டை நடத்த இது ஒன்றும் மோசமான வழியில்லை என்று எழுதியும் வைத்தார். ஆராய்ச்சியாளர் இந்த அளவுக்குப் பங்கேற்றால் ஊர் மதிக்காமல் என்ன செய்யும்?

இரண்டாவது நூயர். இங்கே கோழி கைகொடுக்கவில்லை. 1930இல் அவர் போனபோதே கெட்ட சகுனம்: புயலால் பெட்டிகள் மார்செய் துறைமுகத்தில் அவரிடம் வந்து சேரவில்லை, சாப்பாட்டுச் சரக்கும் மலக்கால் ஊரிலிருந்து வரவில்லை. இதைவிடப் பெரிய சங்கடம், பிரிட்டிஷ் அரசு நூயர்கள் மீது படையெடுத்து அடக்கி முடித்த சூடு ஆறாத நேரம் அது. அடித்த கையோடு அதே நிறத்தில் ஒருத்தன் வந்து "உங்கள் குலம் கோத்திரம் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன்" என்றால் யார் சொல்வார்கள்?

நூயர் ஒருவரிடம் குலப்பெயர் கேட்ட உரையாடலை ஈவான்ஸ்-பிரிட்சர்ட் தன் 1940ஆம் ஆண்டு நூலின் முன்னுரையில் அப்படியே எழுதிவைத்திருக்கிறார். சாரத்தை மட்டும் சொல்கிறேன். பெயர் கேட்டால், "என் பெயரா உனக்கு வேண்டும்?" என்று எதிர்க்கேள்வி. ஆமாம் என்றால் அதே கேள்வி மறுபடியும். குலத்தின் பெயரைக் கேட்டால், எதற்கு, தெரிந்துகொண்டு என்ன செய்வாய், உன் ஊருக்கு எடுத்துக்கொண்டு போவாயா என்று விசாரணை. சும்மாதான் கேட்டேன் என்று பின்வாங்கினால் ஊருக்கே தெரிந்த இனத்தின் பெயரைச் சொல்லி ஒப்பேற்றல். அது இல்லை, குலம் வேண்டும் என்றால் மறுபடி எதற்கு. வெறுத்துப்போய் எனக்குத் தெரியவே வேண்டாம் என்றால், அப்புறம் ஏன் கேட்டாய், கொஞ்சம் புகையிலை கொடு என்று முடிவு. நம் கிராமத்துத் திண்ணையில் "அய்யா எந்த ஊரு?" என்று ஆரம்பித்து வந்தவரின் ஜாதகத்தையே வாங்கிவிட்டுத் தன் பெயரைக்கூடச் சொல்லாத பெரியவர்கள் இந்த நூயருக்கு ஒன்றுவிட்ட சொந்தமாக இருக்க வேண்டும்.

புகையிலை இரண்டு கண்டங்களிலும் வேலை செய்திருப்பதைக் கவனியுங்கள். முறையியல் அத்தியாயத்தில் இதற்கு ஒரு துணைத் தலைப்புகூட இல்லை.

அமெரிக்க மானிடவியலாளர் மார்கரெட் மீட் கதை எல்லோருக்கும் தெரிந்தது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1925இல் அமெரிக்கன் சமோவாவுக்குப் போனபோது வயது 23. வளரிளம் பெண்களைப் பற்றி ஆராய வந்தவர், தனக்குத் திருமணம் ஆனதையே மறைத்துவிட்டார். கன்னிப்பெண் என்றால்தான் பெண்பிள்ளைகள் கூட்டத்தில் சேர்ப்பார்கள் என்ற கணக்கு. ஊர் சேர்த்துக்கொண்டதோடு நிற்காமல், தலைவர் குடும்பத்துக் கன்னிக்குத் தரும் பட்டத்தையும் தந்தது! 1928இல் வந்த புத்தகம் சக்கைப்போடு போட்டது. மீட் 1978இல் இறந்த பிறகு, டெரெக் ஃப்ரீமேன் என்பவர் 1983இல் கிளம்பி, அந்தப் பெண்களின் காதல் சுதந்திரம் பற்றி மீட் சொன்னது தப்பு என்றார். அப்புறம், அந்தக் காலத்துத் தோழி ஒருவர், எண்பது வயதைத் தாண்டியவர், "ராத்திரி பையன்களோடுதான் இருப்போம் என்று விளையாட்டுக்குச் சொன்னோம்" என்று கேமரா முன் சொல்ல, மீட் ஏமாந்தார் என்று உலகமே கைகொட்டியது. பின்னால் வந்தவர்கள் மீட்டின் களக்குறிப்புகளைப் பிரித்துப் பார்த்தால், அவர் முடிவுகள் அந்தத் தோழி சொன்னதை நம்பி எழுதியவையாகத் தெரியவில்லை. மீட் கல்யாணத்தை மறைத்தது மட்டும் எல்லாத் தரப்பும் ஒப்புக்கொண்ட உண்மை. யார் யாரை ஏமாற்றினார்கள் என்று பட்டிமன்றம் வைத்தால் நான் நடுவராக வரமாட்டேன்.

ஏமாற்று என்று வந்துவிட்டால் 1954இன் சிகாகோவை விடவே முடியாது. ஓக் பார்க் என்ற புறநகரில் டாரதி மார்ட்டின் என்ற அம்மையாருக்கு வேற்றுக்கிரகத்திலிருந்து செய்தி வந்துகொண்டிருந்தது. கையில் பேனா பிடித்தால் அதுவாக எழுதுமாம். டிசம்பர் 21 அன்று பெருவெள்ளம், உலகம் முங்கும். நம்பியவர்களை முந்தின நள்ளிரவில் பறக்கும் தட்டு வந்து ஏற்றிக்கொள்ளும். மினசோட்டா பல்கலைக்கழகத்தின் லியோன் ஃபெஸ்டிங்கரும் அவரது சகாக்கள் இருவரும் செய்தியைப் பார்த்தார்கள். தீர்க்கதரிசனம் பொய்த்தால் பக்தர்கள் என்ன செய்வார்கள் என்று பார்க்க இதைவிட நல்ல வாய்ப்பு வருமா? சம்பளத்துக்கு மாணவர்களைப் பிடித்து, பக்தர்கள் வேஷத்தில் உள்ளே அனுப்பினார்கள்.

உள்ளே நுழைய ஒரு கதை வேண்டுமே. ஒரு பெண், வெள்ளத்தில் தான் தத்தளித்ததாகவும் ஒளிவட்டத்தோடு ஒருவர் கைகொடுத்துத் தூக்கியதாகவும் கனவு கண்டேன் என்று அளந்தார். இன்னொரு பையன், மெக்சிகோவில் ஒரு கிழவியைக் காரில் ஏற்றிக்கொண்டதாகவும், அவள் பேரழிவு பற்றி எச்சரித்துவிட்டுக் காருக்குள்ளேயே மாயமானதாகவும் விட்டான். நம்மூர் சுடுகாட்டுச் சாலையில் லிஃப்ட் கேட்கும் வெள்ளைப் புடவைதான், வேறொன்றுமில்லை. பக்தர்கள் சிலிர்த்துப்போனார்கள். மேலுலகம் நமக்கு ஆள் அனுப்புகிறது! இவர்கள் பாதிக்காமல் பார்க்க வந்தவர்கள். வந்த முதல் நாளே பக்தர்களின் நம்பிக்கைக்கு உரம் போட்டுவிட்டார்கள். பிற்காலத்தில் விமர்சகர்கள் இதை வைத்துத்தான் கழுத்தைப் பிடித்தார்கள்.

பார்த்ததை எழுதுவது எப்படி? பக்தர்கள் எதிரில் நோட்டை எடுக்க முடியாது. கழிப்பறைக்குப் போய் எழுதினார்கள். அடிக்கடி போனால் சந்தேகம் வரும் என்று இருட்டு வராந்தாவில் நின்றும் எழுதினார்கள். சமூக உளவியலின் புகழ்பெற்ற நூல் ஒன்றின் மூலப்பிரதி கழிப்பறையில் உருவானது என்பது என் அவதூறு இல்லை, அவர்களே பின்னிணைப்பில் எழுதியிருக்கிறார்கள்.

கடைசி இரவு. தட்டில் ஏறுகிறவர் உடம்பில் உலோகம் இருந்தால் வெந்துபோவார் என்று உத்தரவு. கொக்கி, பித்தான், ஷூவின் வளையம் எல்லாவற்றையும் பிய்த்தாகிவிட்டது. மணி பதினொன்று முப்பத்தைந்து. நூலாசிரியர்களில் ஒருவர் மெதுவாக ஒரு குண்டைப் போட்டார்: தன் பேண்ட் ஜிப்பைக் கழற்றவில்லை. வீடே அலறியது. அவரைப் படுக்கையறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். கூட்டத்தில் இருந்த டாக்டர் ஒருவர், கை நடுங்க, நொடிக்கொரு தரம் கடிகாரத்தைப் பார்த்தபடி, சவர பிளேடால் ஜிப்பைக் கிழித்து, கம்பி வெட்டும் குறடால் அதன் பற்களைப் பிடுங்கி எடுத்தார். பங்கேற்று நோக்கலில் இந்த அளவுக்கு ஆபத்தான பங்கேற்பு வேறு நடந்ததில்லை என்று நான் நம்புகிறேன்.

அறையில் இரண்டு கடிகாரம். ஒன்று பன்னிரண்டு ஐந்து காட்டியது. நேரம் தாண்டிவிட்டது என்று ஒரு பார்வையாளர் வாய் திறந்தார். இல்லை, இல்லை என்று கோரஸ். மெதுவாக ஓடிய மற்றதுதான் சரியான நேரம் என்று முடிவாயிற்று. அதில் பன்னிரண்டுக்கு இன்னும் நான்கு நிமிஷம் இருந்தது. நான்கு நிமிஷமும் போயிற்று, தட்டு வரவில்லை. விடியற்காலை ஐந்துக்குக் கொஞ்சம் முன்னால் புதிய செய்தி வந்தது: இந்தச் சிறு கூட்டம் பரப்பிய ஒளியினால் கடவுள் உலகத்தை மன்னித்துவிட்டார். நம்பிக்கை உடைந்ததற்குப் பதில் கூடியது. ஃபெஸ்டிங்கர் எதிர்பார்த்ததும் அதுவே. எதிர்பார்த்தது கிடைத்ததால் அவரும் சந்தோஷப்பட்டார், பக்தர்களும் சந்தோஷப்பட்டார்கள். ஜிப் போனவர்தான் நஷ்டப்பட்டார்.

நம்ம ஊருக்கு வருவோம். இங்கே இந்தத் தொழில் சீமைப் பல்கலைக்கழகங்களுக்கு முன்னாலேயே தொடங்கிவிட்டது. காலின் மெக்கன்சி, 1783இல் மதராஸ் வந்த ஸ்காட்லாந்துக்காரர், பின்னாளில் இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரல். நிலத்தை அளக்கப் போன இடமெல்லாம் ஓலைச்சுவடி, கல்வெட்டு, ஊர்க்கதை, வம்சாவளி என்று அள்ளிக்கொண்டு வந்தார். வந்தார் என்றால் அவர் இல்லை. அவருக்கு நம் மொழி எதுவும் படிக்கத் தெரியாது. அள்ளியவர்கள் காவலி வெங்கட போரய்யா, அவர் தம்பிமார், அவர்களுக்குக் கீழே ஊர் ஊராக நடந்த குமாஸ்தாக்கள். கிழக்கிந்தியக் கும்பினியின் ஆள் வந்து உன் ஊருக்கு மானியம் யார் விட்டது, எந்த ராஜா காலத்தில் என்று கேட்டால் ஊர் என்ன நினைக்கும்? மானியத்தைப் பிடுங்கப் போகிறான் என்றுதான் நினைக்கும். இவர்களும் தங்கள் அலைச்சலையெல்லாம் மாதாமாதம் அறிக்கையாக எழுதி அனுப்பினார்கள். மெக்கன்சி 1821இல் இறந்தபின் அந்தத் தொகுப்பைக் கும்பினி ஒரு லட்ச ரூபாய்க்கு அவர் மனைவியிடமிருந்து வாங்கியது. பெயர் 'மெக்கன்சி சுவடிகள்'. நடந்தவர்கள் பெயர் அட்டையில் இல்லை.

1901இல் நீலகிரிக்கு வந்தார் ஆங்கிலேய ஆய்வாளர் டாக்டர் ரிவர்ஸ். தோடர்களின் வம்சாவளியை முழுக்க எழுதுவது திட்டம். தோடர்களிடம் இறந்தவர் பெயரைச் சொந்தக்காரர் வாயால் சொல்லக் கூடாது என்ற கட்டு இருந்தது. வம்சாவளி என்பதே இறந்தவர்களின் பட்டியல்தானே! ரிவர்ஸ் குறுக்கு வழி பிடித்தார்: உன் வீட்டுக் கதையை நீ சொல்லாதே, பக்கத்து வீட்டுக் கதையைச் சொல். ஊர் உலகத்தில் எங்கே கேட்டாலும் பதில் வரும் கேள்வி அது. இப்படியே குடும்பம் குடும்பமாகச் சேர்த்து 1906இல் பெரிய புத்தகமாகப் போட்டார். ஆனால் நடுவில் ஒரு முட்டுக்கட்டை வந்தது. ரகசியச் சடங்குகளைச் சொன்ன சிலருக்கு அடுத்தடுத்து வீட்டில் துக்கம். அந்நியனிடம் சொன்னதால் வந்த தெய்வ கோபம் என்று குறி சொல்பவர்கள் தீர்ப்பளித்தார்கள். அதோடு வாய்கள் மூடிக்கொண்டன. இன்றைய பல்கலைக்கழக அறநெறிக் குழு கேட்கும் "இந்த ஆய்வால் தகவலாளிக்குத் தீங்கு நேருமா?" என்ற கேள்வியைத் தோடர் குறிகாரர்கள் அன்றே கேட்டு, விண்ணப்பத்தை நிராகரித்தும்விட்டார்கள்.

என் மனம் கவர்ந்தவர் எட்கர் தர்ஸ்டன்தான். 1885இல் எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக வந்தார். ஆரம்பத்தில் முத்துச்சிப்பி, ராமேஸ்வரத்துக் கடல் பிராணிகள் என்று நிம்மதியாக இருந்தார். சிப்பி எதிர்க்கேள்வி கேட்காது. பிறகு மனிதர்கள் பக்கம் திரும்பி, தலைச் சுற்றளவு, மூக்கு அகலம், உயரம் என்று சாதி சாதியாக அளக்கக் கிளம்பினார். அளவுகோலோடு சம்பிரதாயம், கதை, கல்யாணம், சாவு எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். தன்னை ஊர் என்னென்னவாகப் பார்த்தது என்பதை அவரே தன் நூலின் முன்னுரையில் எழுதியிருக்கிறார். அந்தச் சில பக்கங்களுக்காக மீதி ஏழு தொகுதியையும் மன்னிக்கலாம்.

மைசூர்ப் பக்கம் இவர் தென்னாப்பிரிக்காவுக்கு ஆள் பிடிக்க வந்தவர் என்று செய்தி பரவி, இவர் போகும் ஊரெல்லாம் காலியானது. அளக்கும் இடத்தைக் காட்ட நெற்றியில் வெள்ளைப் பெயிண்டால் ஒரு பொட்டு வைப்பார். அந்தப் பொட்டு கொப்பளித்து நம்பராக மாறும், நம்பரை வைத்து நம்மைத் தேடிப் பிடித்துக் கொண்டுபோவான் என்றார்கள். ஆதாரை நூறு வருஷம் முன்கூட்டியே கண்டவர்கள்! தலை, மார்பு, பாதம் அளந்தால், பட்டாளத்துத் தையல்காரர், சிப்பாய் உடுப்புக்கு அளவெடுக்கிறார் என்றார்கள். ஏதோ பழைய சில்லறைக் கேசில் தேடப்பட்ட ஒருவர், உயரம் அளக்கும் கம்பத்தைப் பார்த்ததும் அது தூக்குமரம் என்று சொல்லி நிற்க மறுத்துவிட்டார்.

கோயம்புத்தூரில் நடந்தது இன்னும் விசேஷம். அங்கே செங்கல் அறுத்துக்கொண்டிருந்த ஒட்டர்கள் போயர் என்றும் தங்களைச் சொல்லிக்கொள்பவர்கள். தென்னாப்பிரிக்காவில் வேறே போயர்களோடு நடந்த யுத்தம் அப்போதுதான் முடிந்திருந்தது. அங்கே போயர்கள் செத்துத் தீர்ந்துவிட்டதால் காலியிடத்தை நிரப்ப இங்கேயுள்ள போயர்களை ஏற்றிக்கொண்டு போகத்தான் துரை வந்திருக்கிறார் என்று முடிவு கட்டினார்கள். போதாததற்கு அவர் கண்ணேறு வேறு. கிளப் கட்டடத்துக்கான புதுச் சூளைக்கு, அவர் ஊரை விட்டுப் போகும்வரை நெருப்பு வைக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். ஆராய்ச்சியால் கட்டட வேலை நின்றது.

வயநாட்டுப் பணியர் பெண்கள் கண்டுபிடித்ததுதான் உச்சம். தங்களில் நல்ல மாதிரியாகப் பார்த்துப் பிடித்துப் பாடம் செய்து, மதராஸ் மியூசியத்தில் நிறுத்தி வைக்கப்போகிறார் என்று அவர்கள் நம்பினார்கள். மியூசியத்துக்குச் சென்னைவாசிகள் வைத்த பெயரே செத்த காலேஜ் என்பதை நினைத்துப் பாருங்கள்.

தர்ஸ்டன் இதையெல்லாம் சிரிப்புக்காக எழுதினார், படிக்கும் துரைமார்களும் சிரித்திருப்பார்கள். எனக்கு முழுச் சிரிப்பு வரவில்லை. 1860இலிருந்து நட்டாலுக்குக் கப்பல் கப்பலாகக் கூலிக்கு ஆள் போய்க்கொண்டுதான் இருந்தது. ஆள் பிடிப்பவனும் கோட்டும் நோட்டுமாகத்தான் வருவான். ஓடியவர்கள் கைக்குக் கிடைத்த தரவை வைத்துச் சரியாகவே ஊகித்தார்கள், ஆள்தான் மாறிப்போயிற்று. பணியர் பெண்களோ பெரிய தப்பு எதுவும் செய்யவில்லை. அவர்களைப் பாடம் செய்யவில்லை. படம் எடுத்து, மூக்கை அளந்து, அட்டவணையில் வைத்தார்கள். பழங்குடிகளின் பொருட்களை எழும்பூர் மியூசியத்தில் கண்ணாடிக்குள் இன்றும் பார்க்கலாம்.

கே. ரங்காச்சாரியின் உதவியோடு தர்ஸ்டன் எழுதிய அந்த ஏழு தொகுதிகள் 1909இல் வெளிவந்தன. தமிழ்ப் பல்கலைக்கழகம் தமிழிலும் கொண்டுவந்தது. இன்றைக்கும் சாதிச் சான்றிதழ் வழக்கு உயர்நீதிமன்றம் வரை போனால், இந்தச் சமூகம் பழங்குடிதான் என்று நிரூபிக்க வக்கீல்கள் எடுத்து நீட்டும் புத்தகங்களில் அதுவும் ஒன்று.